கொடி பிடித்தவன்

ஹம்பர் ஆற்றுக் காற்று நீளவாக்கில் வீசினால்
எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து
பாதி வழி போய், யோசித்து,
அவனிடமே திரும்பி வரும்.
முதல் பாதி முழுக்க அந்தக் காற்றை எதிர்த்து ஆடினோம்.
இடைவேளையில் ஆரஞ்சுச் சுளை தின்று
பக்கம் மாறினோம்.
காற்று நின்றுவிட்டது.

பதினோரு பேர் சேர்ந்ததே பெரும்பாடு.
கூரை ஓடு மாற்றும் இருவர்,
பல் மருத்துவமனையில் ரசீது போடும் லைல்,
இரவெல்லாம் டாக்ஸி ஓட்டிவிட்டு
வண்டிக்குள்ளேயே பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கும் ரேபின்,
மீன் வாசனையை எந்தச் சோப்பும் வெல்லாத ஸ்வாவெக்.
என் முழங்கால் நவம்பரிலேயே ராஜினாமா கொடுத்துவிட்டது.
ஆகவே என் கையில் கொடி.

எங்கள் லீகில் லைன்ஸ்மேனுக்குச் சம்பளம் இல்லை.
ஆளுக்கொரு பக்கம், அவரவர் அணியிலிருந்தே ஒருவன்.
மஞ்சள் துணி, துடைப்பக் கட்டையில் பாதி.
"உன் ஆட்கள் தாக்கும் பக்கம் நீ நில்"
என்றார் ரெஃப்ரி பிக்கரில்,
"பொய் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்."

பஸ் டிப்போக்காரர்களின் முதல் கோல்
ஸ்வாவெக்கின் காதில் பட்டு உள்ளே போனது.
இரண்டாவது, நல்ல கோல், ஒப்புக்கொள்கிறேன்.
மூன்றாவதை யார் அடித்தது என்று
அவர்களுக்கே தெரியாது:
சேற்றில் ஐந்து பேர் விழுந்தார்கள்,
எழுந்தபோது பந்து வலைக்குள் இருந்தது.
நாங்கள் இரண்டு திருப்பினோம். ரேபின் ஒன்று,
பெனால்டியில் லைல் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு.

எண்பத்தெட்டாவது நிமிடம்
கெல்வின் ஸ்டாதர்ஸ், ஒன்பதாம் எண்,
இரண்டு சீசனாகக் கோலே பார்க்காதவன்,
பந்தை மார்பில் வாங்கி
கீழே விழ விடாமல் அடித்தான்.
வலை உப்பியது.
நாய்களோடு வந்தவர்கள்கூட நின்று கத்தினார்கள்.
சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு
முகமில்லாமல் ஓடினான் கெல்வின்.

கொடி மேலே இருந்தது.
யார் தூக்கியது என்று
நானும்தான் அண்ணாந்து பார்த்தேன்.

ஒரு பூட்ஸ் அகலம் முன்னால் இருந்தான்.
பூட்ஸ்கூட இல்லை, சாய்ந்த தோள்.
நிச்சயமாகப் பார்த்தாயா என்று யாராவது கேட்டிருந்தால்
மழை, கண்ணில் துளி, என்று ஏதாவது உளறித்
தப்பித்திருப்பேன்.
யாரும் கேட்கவில்லை.
ரேபின் குர்தியில் ஒரு வாக்கியம் சொன்னான்.
அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை.
ஆட்டம் முடிந்ததும் டிப்போ கேப்டன்
தேடி வந்து என் கையைக் குலுக்கி
"நேர்மையான ஆள்" என்றான்.
அதற்கு அவன் என் மேல் துப்பியிருக்கலாம்.

பப்பில் சிவப்பு மசாலா தூவிய சிப்ஸ் நடுவில் இருந்தது.
எல்லோரும் எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை.
கெல்வின்தான் கடைசியில் கேட்டான்:
எவ்வளவு?
கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே
காட்டினேன்.
அவன் என் இரு விரல்களையும் பிடித்து
இன்னும் கொஞ்சம் நெருக்கினான்.
உற்றுப் பார்த்தான்.
பிறகு பீர் வாங்கப் போனான்,
எனக்கும் சேர்த்தா என்று
அவன் திரும்பி வரும் வரை தெரியவில்லை.

இந்த வாரம் சட்டை துவைப்பது என் முறை.
மூன்று தண்ணீர் மாற்றியும் பழுப்பாகவே ஓடியது.
இருட்டும் முன் கொல்லைக் கொடியில்
தோள் தோளாகக் கிளிப் போட்டுக் காயவிட்டேன்.

இப்போது வருகிறது, பாவி,
இரண்டாம் பாதியில் வராத காற்று.
ஒன்பதாம் எண்ணின் ஈரக் கை மட்டும்
விறைத்து உயர்கிறது,
இறங்குகிறது,
மறுபடி உயர்கிறது.

இன்னொரு கிளிப் எடுத்துக்கொண்டு
வெளியே போகிறேன்.