சபைக்கு ஒவ்வாதது

ஒன்பதரைக்குக் கூண்டில் ஏறினவள் பெயர் லோஜிதா.
உப்புவெளி. முப்பத்திநாலு வயது.
முழங்கால் வரை காற்சட்டையோடு
அந்திக்கடலில் நீந்தினாள் என்று
பொலிஸ் எழுதியிருந்தது.
முறைப்பாட்டுக்காரர் அவளுடைய சொந்தச் சித்தப்பா.

குற்றப்பத்திரம் சிங்களத்தில்.
‘அசப்ய’ என்றிருந்ததை
‘அசப்பியம்’ என்றேன்.
விளங்காமல் பார்த்தாள்.
சபைக்கு ஒவ்வாதது, பிள்ளை,
மெல்லச் சொன்னேன்.
எந்தச் சபைக்கு, அக்கா?
அதை நான் நீதவானுக்கு மொழிபெயர்க்கவில்லை.

எந்தச் சபைக்கு?
அவளிலிருந்து இருபது பாகம் தள்ளி
இரண்டு கைலேஞ்சி அளவு துணியோடு
ஒரு வெள்ளைக்காரி குப்புறப் படுத்திருந்தாளாம்.
குடை வாடகைக்குக் கொடுத்தவர் அதே சித்தப்பா.
கன்னியாவில் ஏழு கிணற்று வெந்நீரையும்
ஒன்றுமாறி ஒன்றாய் ஊற்றிக்கொண்டு
சேலை உடம்போடு ஒட்ட நிற்கிறோம்,
ஒருவரும் பொலிசுக்குப் போவதில்லை.
முதுகில் செடில் குத்தி என் தம்பியைக்
கயிற்றில் பிடித்துப் போனபோது
அம்மா தேசிக்காயோடு பின்னால் போனா.
அதே கொளுக்கியை அவன் ஒரு செவ்வாய்க்கிழமை
அறையைப் பூட்டிக்கொண்டு குத்தியிருந்தால்
அங்கொடைக்கு அனுப்பியிருப்போம்.

லோஜிதாவுக்கு ஆயிரத்தைந்நூறு தண்டம்.

மத்தியானம் ஒரு மான்
கோட்டு வாசலில் யாரோ மறந்த
சோற்றுப் பார்சலைக் கிளறிக்கொண்டு நின்றது.
காட்டில் நின்றால் சுடுவார்கள்.
டவுனில் நிற்கிறபடியால்
ஓட்டோக்காரன் பிரேக் பிடித்து வழிவிடுகிறான்.
எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.
குற்றம் என்று ஒன்றுமில்லை,
எங்கே நிற்கிறாய் என்பதுதான்.
அந்த நினைப்போடு கை கழுவினேன்.

இரண்டு மணிக்குப் பத்மரூபி, சாம்பல்தீவு.
இடக்கையில் பிளாஸ்டர்,
அதன்மேல் பிள்ளை பேனையால் கீறின ஒரு மீன்.
யார் உடைத்தது என்று கேட்டார் நீதவான்.
புருஷனுக்குப் பின்னால் நின்ற மாமி இருமினா.
“எங்கட ஆக்களுக்குள்ள இது வழமைதானே, ஐயா.”

வழமை.
சிங்களத்தில் ‘சிரித’ என்று நல்ல சொல் இருக்கிறது.
வருசப்பிறப்புக்குப் பால் பொங்கவிடுவது சிரித,
வெற்றிலை கொடுத்துக் கும்பிடுவதும் சிரித.
என் தொண்டையில் அது
சூடை முள்ளாய் நின்றது.
காலையில் லோஜிதாவுக்காக
மனதுக்குள் நான் கட்டின வாதம் முழுவதையும்
இப்போது மாமி தன் கைப்பைக்குள் வைத்திருந்தா.

எலும்பு
எந்தச் சபையைக் கேட்டு முறிந்தது?

நீதவான் பேனையால் மேசையில் தட்டினார்.
கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமையில்லை,
சத்தியம் செய்து பதினொரு வருசம்.
(காலையில் ஒரு கேள்வியை விழுங்கினேன்.
அது கணக்கில் இல்லை.)
சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகாமல்.
அவர் எழுதிக்கொண்டார்.
மாமியின் இருமல் நின்றது.

வெளியே வர, மான் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
வாயில் கிடந்தது இலையா, சொப்பின் பையா,
தெரியவில்லை.