பத்துக்கு ஒன்று

டர்பன் கடல்பாலத்தின் நடுவில் நிற்கிறேன்,
கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.
ஒரு முகடு இந்தத் தூணைத் தொட்டபின்
அடுத்தது வந்து தொடப் பத்து விநாடி.
தூணுக்குத் தூண் பத்து மீட்டர்;
ஏழு தூண் தள்ளி அடுத்த முகடு.
ஆக, விநாடிக்கு ஏழு மீட்டர் ஓட்டம்.
எழுதினேன். காற்று தாளை மடித்தது.

வெளியே, கப்பல்கள் முறைக்குக் காத்துக் கிடக்கும் ஆழத்தில்
மிதவை அனுப்பிய கணக்கு வேறு:
நீளம் நூற்றைம்பது, வேகம் பதினைந்து.
அங்கும் பத்து விநாடிதான்.

“என்ன மீனம்மா, எண்ணி எண்ணிப் பிடிக்கிறாய்?”
பக்கத்துத் தூண்டில், படையாச்சி அண்ணன்.

அடித்தரை மேலேற மேலேற
அலைக்குக் கால் தட்டுகிறது, அண்ணே.
மெதுவாகிறது. ஆனால் தாளத்தை விடாது.
பின்னால் வருவது பத்தில் வந்தே தீரும்,
அதனால் எட்டைக் குறுக்கிக்கொள்கிறது.
குறுக்கியதில் கொள்ளாமல்
தலையைத் தூக்குகிறது.

ஈயக்குண்டு இழுபடுவதைப் பார்த்தபடி
“தூக்கி, உடைகிறது” என்றார்.

ஷாட் மீன் ஒன்றுகூட இல்லை.
வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.
மார்ச்சில்தான் முட்டியில் அறுவை.

வாளிக்காது கிணுக், கிணுக்.
மூன்று வருடமாய்க் கேட்கிற அதே கிணுக்,
கொஞ்சமும் பிந்தவில்லை.
முன்பு ஒரு கிணுக்குக்கு நான்கு பலகை கடப்பார்.
இப்போது இரண்டரை.

துறைமுகத் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில், பென்சிலால், குறித்தேன்.

அதற்குள் ஒரு முகடு
எண்ணாமலே போய்விட்டது.