எலிக் கணக்கு

சீர்காழியில் பக்கிரிசாமி அண்ணன்
மணிக்கு முப்பது ரூபாய்க்கு விடும் கணினியில்
மூன்று சாயங்காலம் தேடினேன்.
இருளர் என்று அடித்தால்
மலை வருகிறது, காடு வருகிறது,
கொள்ளிடக்கரை வரவில்லை.
வில்லியர் என்று அடித்தேன். வில்லி. வில்லே.
வெள்ளைக்காரன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்து
எழுத்தைக் கெடுத்துக் கெடுத்து அடித்தேன்.

ஐம்பதுக்கு முன்னாடி இங்க இருந்ததுக்கு
ஏதாவது காகிதம் இருக்கா
என்று கேட்டவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க்.
தங்கச்சிக்கு நர்சிங் சீட்டு,
திங்கட்கிழமை கடைசி.

மூன்றாம் நாள் ஆத்திரத்தில்
பாம்பு என்று அடித்தேன், நண்டு என்று அடித்தேன்.
எலி என்றதும் திறந்தது.

கொள்ளிடம் கரைப் பராமரிப்பு, 1913.
கரையைத் துளைக்கும் எலியைப் பிடித்தால்
வாலுக்கு இவ்வளவு என்று கூலி.

வேம்பன், நூற்றுப் பதினேழு வால்.
கன்னியன், அறுபத்திரண்டு.
பொட்டி, கைக்குழந்தையுடன், இருநூற்று நாலு.
இருநூற்று நாலு!
அதில் ஒன்றை அடித்துவிட்டு
ஓரத்தில் கணக்கர் எழுதியிருக்கிறார்: அழுகியது.

பெயருக்கு எதிரே பெருவிரல் ரேகை.
பெரிதாக்கினேன்.
பொட்டியின் ரேகைக்குக் குறுக்கே வெள்ளையாய் ஒரு கோடு.
ஸ்கேன் செய்யும்போது விழுந்த முடி என்று நினைத்தேன்.
அடுத்த வாரப் பக்கத்திலும்
அதே விரலில், அதே இடத்தில், அதே கோடு.

எலிக்கடித் தழும்பு.
வளைக்குள் கை விட்டவர்களுக்குத் தெரியும்.
அப்பாவுக்கு இரண்டு இருக்கிறது,
ரேஷன் கடை மெஷின்
மாதாமாதம் அவரை அவர் இல்லை என்கிறது.

பக்கத்தின் நடுவே சாய்வாக
காப்பகத்தின் பெயர் ஓடுகிறது,
அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாதாம்.
பொட்டியிடம் யார் கேட்டார்கள்?
பக்கிரிசாமி அண்ணன் கலரில் எடுத்துக் கொடுத்தார்,
காசு வேண்டாம் என்றார்.

கிளார்க் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"இது எலிக் கணக்கும்மா.
இதுல சாதி எங்க இருக்கு?"

இருந்தது. சாதி என்றே ஒரு கட்டம்.
பொட்டிக்கு நேரே, மேற்படி.
கன்னியனுக்கு, மேற்படி.
வேம்பனுக்கும் மேற்படி.
மேலே மேலே போனால்
பதினோரு பக்கம் மேற்படி.
முதல் பக்கம், முதல் பெயர்,
அந்தக் கட்டம் இருந்த மூலையை
எலி தின்றிருக்கிறது.

அந்த ஆபீசுக்குள் மட்டும்
எங்களை விடவில்லை போல.