இரவுச் சுழற்சி: ஆஃப்

எங்கள் தீவில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம்.
பன்னிரண்டு பகல், எட்டு இரவு.
டேப் ஒன்றுதான், சேமித்த ஆட்டமும் ஒன்றுதான்.
ஆடுகிறவர்கள் இரண்டு பேர்,
ஒருநாளும் சேர்ந்து இல்லை.

காலை எட்டரைக்கு ஜெசிந்தா
லாரன்ஸ் ரோடு ஜவுளிக்கடைக்குப் பில் போடக் கிளம்புவாள்.
ஏழு மணிக்குத்தான் நான் சிப்காட் பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பேன்,
சட்டையில் அந்த அழுகின முட்டை வாசத்தோடு.
நடுவில் ஒன்றரை மணி நேரம்:
இட்லி, கரண்ட் பில், "தண்ணி வந்துச்சா", "ம்".
ராத்திரி அவள் திரும்பும் ஒன்பதே முக்காலுக்கு
நான் மறுபடி பஸ்ஸில் இருப்பேன்.
இந்த மாதமும் எனக்கு சி ஷிப்ட்.

ஜன்னலுக்கு டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
ஒட்டியிருக்கிறோம். மேல் பக்கம் இதுவென்று காட்டும் அம்பு
கீழே பார்க்கிறது.
அதன் ஓரங்களில் முதுநகர் வெயில்
நான்கு கோடாக நிற்கும்.
தூக்கம் வராவிட்டால் டேப்பை எடுப்பேன்.

எனக்குக் கத்தரி வேண்டும், வேலி வேண்டும், இரண்டாவது மாடு வேண்டும்.
நாற்றை நட்டு நிமிர்வதற்குள் வானம் சிவந்துவிடும்.
அப்புறம் ஒன்றும் தெரியாது.
நரி வந்து கோழியைத் தூக்கும்.
எட்டு நிமிடம் குடிசைக்குள் நின்றபடி
கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
இதற்காகவா விளையாடுகிறேன்?
இதற்குத்தான் எனக்குச் சம்பளமே தருகிறார்கள்.

பிளான்ட்டில் சொன்னேன். தில்லைக்கோவிந்தன்
பிரஷர் கேஜிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:
"செட்டிங்ஸ்ல போ. பகல், ராத்திரின்னு ஒண்ணு இருக்கும். ஆஃப் பண்ணு.
என் பொண்ணு அப்படித்தான் வெச்சிருக்கா.
எப்பப் பாத்தாலும் பதினோரு மணி."
தலைக்கு மேல் சோடியம் விளக்குகள்.
அந்த மஞ்சளில் அவனுக்கு நிழல் மூன்று.

அணைத்தேன்.
சூரியன் தென்னைக்கு மேல் ஆணியடித்த மாதிரி நின்றது.
கத்தரி காய்த்துக் கொட்டியது. வேலி முடிந்தது. மாடு வாங்கினேன்.
வேலிக்கு இரண்டு கம்பு குறைந்தபோது
படகுத்துறையில் வரிசையாக நின்ற கம்பங்களில்
இரண்டைப் பிடுங்கிக்கொண்டேன்.
ஐந்தாம் நாள் செய்ய ஒன்றுமில்லை.
ஆனாலும் செய்துகொண்டே இருந்தேன்,
போதும் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

ஆறாம் நாள் துறையில் ஒரு பலகை நட்டிருந்தது.
ஒரு பலகையில் பதினைந்து எழுத்துதான் கொள்ளும்.
அதனால் இரண்டாவதும் இருந்தது.
ராத்திரியை எங்க வெச்ச
விலாங்கு வரல

துறைக்கு அடியில் ஒரு பெட்டி. நான் திறந்ததே கிடையாது.
உள்ளே முப்பத்தொரு நிலா விலாங்கு,
இருட்டில் மட்டும் கடிக்கிற சாதி.
விரலை வைத்தால் பிடித்த நேரம் காட்டுகிறது.
பத்து நாற்பது. பதினொன்று பதினைந்து.
ஒருமுறை இரண்டு ஐந்து.
இரண்டு ஐந்துக்கு அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான்
நான் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஆட்டத்துக்கு இரவு நல்லதா என்றால்
கத்தரிக்கு நல்லதில்லை.
கோழியைக் கேட்கவே வேண்டாம்.
தில்லைக்கோவிந்தன் மகளுக்கும் தேவையில்லை,
அவளுக்குப் பத்து வயது, பதினோரு மணி பிடிக்கும் வயது.

இப்போது மதியம் பன்னிரண்டே கால்.
தெருவில் சங்கரா விற்கிற குரல் போகிறது.
ஆன் செய்தேன்.
வானம் சிவந்து, பிறகு நீலம், பிறகு அதுவும் இல்லை.
துறை நெடுக அவளுடைய கம்பங்கள்
ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன.
விளக்குகளாம். பகலில் எப்படித் தெரியும்?
நடுவில் இரண்டு இடம் மட்டும் இருட்டு.

அந்த இருட்டில் நின்று தூண்டிலைப் போட்டிருக்கிறேன்.
நரி கோழிக்கூண்டுப் பக்கம் போகிறது.
போகட்டும்.
மிதவை அசையவில்லை.
இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.