அன்புள்ள முதல்பெயர்

சுப்பீரியர் ஏரி விளிம்புவரை உறைந்துகிடந்த
பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை.
பதினோராயிரத்து நானூறு பழைய மாணவர்களுக்கு
ஒரே சொடுக்கில் மின்னஞ்சல் அனுப்பினேன்:
"அன்புள்ள முதல்பெயர்,
உங்கள் கல்லூரி உங்களை மறக்கவில்லை."

பட்டியலில் ஒரு கட்டம் நழுவியிருந்தது.
அவ்வளவுதான்.
இயக்குநர் ஷெரிடன் எழுந்து வந்து
என் திரையைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து அறையில்
இருபது தொலைபேசிகள் இன்னும் இருக்கின்றன.
ஒரு துண்டு பீட்சாவுக்கும் மணிக்கூலிக்கும்
மாணவர்கள் இரவெல்லாம் அழைப்பார்கள்.
அந்தப் பக்கம் யாராவது எடுப்பார்கள்.
இப்போது தெரியாத எண்ணை
யாரும் எடுப்பதில்லை.
நானும்தான்.

மதியத்துக்குள் பதில்கள் கொட்டத் தொடங்கின.

"அன்புள்ள நிறுவனப்பெயர்,
படிப்புக்கடன் இன்னும் பதினாறு வருடம் பாக்கி.
அதையே நன்கொடை என்று எழுதிக்கொள்ளுங்கள்."

"என் முதல்பெயர் இப்போது ஓரின்.
உங்களிடம் இருப்பது வேறொருத்தியின் பெயர்."

"ஐலி போய் மூன்று கிறிஸ்துமஸ் ஆகிறது.
ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வருவீர்கள்.
இந்த முறை பெயர் இல்லை.
அதனால் கடைசிவரி வரை படிக்க முடிந்தது."

டோய்வோ ரின்டலா, எண்பத்தெட்டாம் வருடம்,
சுரங்கவியல் படித்துவிட்டுக் கொதிகலன் பழுதுபார்ப்பவர்:
"மூன்றாம் விடுதி வெப்பக்குழாய்
இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு இடிக்கிறதா?
பணம் கிடையாது. சனிக்கிழமை வருகிறேன்."

எவ்வளவு வந்தது, என்றார் ஷெரிடன்.
எழுநூற்றுப் பன்னிரண்டு.
டாலரா?
ஆட்கள்.

அவர் மேசையில்
நூலக வாசலில் தன் பெயரைக் கேட்கும்
ஒருவரின் ஒப்பந்தம் கிடந்தது.
ஒரே ஆள், நாற்பது லட்சம்.
நான் வாதாடவில்லை.
என் சம்பளமும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

சனிக்கிழமை டோய்வோ வந்தார்.
கையில் குறடு, பூட்ஸில் பனி.
நன்றிச் சான்றிதழை வாங்கி
ஈரத் தரையில் விரித்து
அதன்மேல் முழங்காலிட்டார்.
அன்றிரவு இரண்டரைக்கு விடுதியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி:
சத்தமே இல்லை.
தூக்கம் வரவில்லை.

அடுத்த கடிதம் இன்னும் எழுதவில்லை.
எழுநூற்றுப் பன்னிரண்டு பேரையும்
ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.
ஐலி ஹெய்க்கினென் என்ற வரியை அழிக்கப் போய்
கை நின்றது.
பக்கத்தில் கணவர் பெயரைச் சேர்த்தேன்: வெர்னன்.
படித்து முடித்த ஆண்டு கேட்டது கட்டம்.
அவர் இங்கே படித்ததே இல்லை.
காலியாக விட்டுச்
சேமித்தேன்.