ஒன்பது தகரம்

நாற்பது தகரம் வாங்கினோம்.
மலாவி ஏரியின் உசிப்பா மீனைக் காயவைத்துக்
கிண்ணம் கிண்ணமாய் விற்ற காசு.
கோயில் கூரைமேல் முப்பத்தொன்று.

மீதி எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்:
போதகர் யோத்தாமு வீட்டுச் சமையற்கட்டின்மேல்
வெயிலில் கண் கூசும்.
இரண்டு மழைக்காலம்
ஒழுகும் இடம் விட்டு நகர்ந்து நகர்ந்து ஜெபித்தோம்.

சபைக்கூட்டத்தில் தியோங்கே எழுந்தாள்.
குரல் உயரவில்லை.
"ஐயா, உங்கள் வீட்டில்
மழை எப்படிக் கேட்கிறது?"

அவர் வேதத்தைப் புரட்டினார்.
எந்தப் பக்கத்திலும் விரல் நிற்கவில்லை.
பிறகு என்னைப் பார்த்தார்.

பொருளாளன் நான்.
வெற்று ரசீதில் கையெழுத்துப் போட்டவன்.
ஊழியக்காரரைக் கேள்வி கேட்பது பாவம் என்று
என் பயத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்து வைத்திருந்தேன்.
எழுந்து அதையும் சொன்னேன்.

சனிக்கிழமை அவரே ஏறினார்.
ஒவ்வோர் ஆணியும் கிறீச்சிட்டு வந்தது,
ஊருக்கே கேட்டது.
கீழே ஏணியைப் பிடித்திருந்தேன்;
நடுங்கியது அவர் காலா என் கையா,
தெரியவில்லை.

இப்போதும் அந்த ஒன்பதில்
பழைய ஆணித்துளை வழியே
கொஞ்சம் சொட்டுகிறது.
தார் வாங்க வேண்டும்.
ரசீதைத் தியோங்கே எழுதுவாள்.