ஓய்வு மணிக் கணக்கு

கரண்ட் போன கணத்தில்
ஒழுங்கை முழுக்க "ச்சே" என்று சொல்லி
விசிறிமட்டை தேட,
நான் கட்டிலால் பாய்ந்து
வெறுங்காலோடு ஓடினேன்.
சுவரில் இல்லாத இரும்பேணியைத் துழாவி
அவசர ஜெனரேட்டர் எங்கே என்று
குசினிக் கதவைக் கேட்டேன்.

கப்பலில் சத்தம் நிற்பது
அமைதி இல்லை.
எஞ்சின் செத்துவிட்டது,
கப்பல் அலைக்குப் பக்கவாட்டில் திரும்புகிறது
என்று அர்த்தம்.
வல்வெட்டித்துறையில் அதற்கு
மின்சாரசபை என்று மட்டும்தான் அர்த்தம்.

சுகிர்தா டோர்ச்சை என் முகத்தில் அடிக்கவில்லை.
மணிக்கூட்டில் அடித்தாள். ஒன்று இருபது.
லாச்சியைத் திறந்து
மகளின் பழைய கொப்பியில் எதையோ எழுதினாள்.

எழுத்து எனக்கும் பழக்கம்தான்.
ஓய்வு நேரப் படிவம்:
நாளுக்கு ஒரு வரி, வரிக்கு இருபத்துநாலு கட்டம்,
வேலை செய்த கட்டத்துக்குக் கறுப்பு.
சுயஸ் வாசலில் முப்பது மணி முழித்திருந்த போதும்
கறுப்பு பதினாலைத் தாண்டவில்லை.
தாண்டினால் கம்பியூட்டர் சிவக்கும்.
சிவந்தால் கம்பனி கேட்கும்.
கம்பனி கேட்டால் சீஃப் கேட்பார்:
நேரத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாதா உனக்கு?
ஆகவே நான் நித்திரை கொண்டேன்,
கடதாசியில்,
நாளுக்குப் பத்து மணித்தியாலம்,
குழந்தைப்பிள்ளை மாதிரி.

ஆனால் முதலில் கெட்டது நித்திரை இல்லை.
உப்புத்தான்.
எதிலும் உப்பில்லை என்று போட்டுக்கொண்டே இருந்தேன்.
பிறகு ஒரே வால்வை மூன்று தரம் பூட்டிப் பார்த்தேன்,
நாலாம் தரம் படியேறிப் போய்த் திரும்பி வந்தேன்.
பிறகு ஆரணியின் குரல் பதிவுகள்.
"அப்பா, பல்லு விழுந்திட்டுது" என்பது வரை கேட்டேன்.
அதற்குப் பின் அறுபத்தொன்று சேர்ந்தன,
திறக்காமல்.
நெற்வேர்க் இல்லை என்று எழுதினேன்.
நெற்வேர்க் இருந்தது.

கண்டுபிடித்தது டொக்டர் இல்லை.
தட்டுக் கழுவுகிற ரொடெல்.
"எட்டு நாளாக உங்கள் சோறு
அப்படியே திரும்பி வருகிறது, சார்."
கோப்பை ஒன்றைத் துடைத்துக்கொண்டே,
நாளைக்கு மழையா என்று கேட்கிற குரலில்:
"இரவில் பின்தளத்தில் தனியாக நிற்கிறீர்கள்.
குதிக்க யோசிக்கிறீர்களா?"

அவ்வளவு நேராக என்னை ஒருவரும் கேட்டதில்லை.
சிரித்தேன்.
சிரிப்பை நிறுத்த முடியவில்லை.
நின்றபோது என் முகம் முழுக்க ஈரம்.
அவன் என்னைத் தொடவில்லை.
வெங்காய மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு
உரியுங்கள் என்றான்,
இங்கே அழுதால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

விடிய, கப்டனின் கதவை அவனே தட்டினான்.
மூன்று இரவு என் காவலை சீஃப் நின்றார்,
ஒரு சொல் பேசாமல்.
நாலாம் இரவு ஐந்து மணித்தியாலம் செத்தவன்போல் படுத்தேன்.
கொழும்பில் இறக்கினார்கள்.
காரணம் என்ற இடத்தில்: தனிப்பட்டது.

இங்கே ரேவடியில் நடக்கப் போனால்
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
"திரும்ப எப்ப ஏறுறீர்?"
வியாழன் மந்திகை ஆஸ்பத்திரி என்று சொல்லிப் பார்த்தேன்.
ஒருவர் குரலைத் தாழ்த்தி, ஆருக்குச் சுகமில்லை என்றார்.
எனக்கு என்றேன்.
அவர் கடலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.
பிறகு தன் பெடியனும் எண்ணெய்க் கப்பலில்தான்,
இப்ப கதைக்கிறது குறைவு என்றார்.
எவ்வளவு நாளாக, என்று கேட்டேன்.
ரொடெலின் குரல் எனக்கு வரவில்லை.
கேள்வி மட்டும் வந்தது.

இன்று சுகிர்தா பள்ளிக்கூடம் போனபின்
கொப்பியைத் திறந்தேன்.

'1.20 எழும்பினார். ஜெனரேட்டர் தேடினார்.
3.10 படுத்தார்.
நித்திரை: நாலு மணித்தியாலம் இருக்கும்.'

சிவப்பு இல்லை. கையெழுத்துக் கேட்கிற கட்டமும் இல்லை.
பேனையை எடுத்து
நாலை வெட்டினேன்.
இரண்டே முக்கால் என்று எழுதினேன்.
மிச்ச நேரம்
கண்ணைத்தான் மூடியிருந்தேன்.